வட்டக் கறை இல்லாத மாடி

படுத்தபடியே ஊர் ஊராக வருவான். ஒருமுறை நிற்க வைத்துவிட்டால் அப்புறம் உட்காரவே மாட்டான். காலால் குடிப்பான், தலையால் சிரிப்பான். யார் அவன், சொல்லு பார்ப்போம். இதைத்தான் மஸ்கட்டிலிருந்து திருவனந்தபுரம் வரைக்கும், அங்கிருந்து ரயிலில் கோவில்பட்டி வரைக்கும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் மகள் கோமுவுக்கு ஒன்பது வயது. காலால் குடிப்பான் என்ற இடத்திலேயே பிடித்துவிடுவாள், ஆகவே அந்த வரியைக் கடைசிக்குத் தள்ளிவிடலாமா என்று வள்ளியூர் தாண்டும்போது யோசித்தேன், தள்ளினால் ஓசை கெடுகிறது என்று விட்டுவிட்டேன். நான் லீவில்கூட ஊருக்கு வராத இந்த மூன்று வருடமாக எங்கள் வழக்கம் இது. மஸ்கட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் செடிக் கடையைத் திறப்பேன். படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கோவில்பட்டி வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்வேன். என்ன செடி என்று கோமுவிடம் சொல்ல மாட்டேன். விடுகதை மட்டும் சொல்வேன். பெட்டியைப் பிரிக்கும்போது விடை. இப்போது மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். மணி இரண்டு அடித்துப் பத்து நிமிடம். கோமு பள்ளி வேனில் வர நாலே கால் ஆகும். மனைவி பொன்செல்விக்கு ஜவுளிக்கடையில் வேலை முடிந்து வர எட்டு ஆகும். நான் வந்திருப்பது இரண்டு பேருக்கும் தெரியாது. திரும்பிப் போகப்போவதில்லை என்பதும் தெரியாது. பகல் பன்னிரண்டரைக்கு என் சாவியால் கதவைத் திறந்து, பெட்டியைக் கூடத்தில் வைத்து, முகம்கூடக் கழுவாமல், முதலில் என் செடிகளைப் பார்த்துவிடலாம் என்று மாடிக்கு ஏறினேன். மாடியில் ஒரு செடியும் இல்லை.

இரண்டு கொடிக்கயிறு இருந்தது. ஒன்றில் கோமுவின் வெள்ளைக் காலுறை ஒரு ஜோடி. கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. கறுப்பு டேங்க். அவ்வளவுதான். திருட்டுப் போயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். இருபத்தேழு செடியை யார் திருடுவான், அதுவும் தொட்டியோடு? தளத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க இறக்கி வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். கீழே ஓடிப் போய்க் கொல்லைப்புறம் பார்த்தேன், குளியலறைச் சந்தில் பார்த்தேன், அசடு மாதிரி கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். மறுபடி ஏறி வந்தேன். அப்போதுதான் தரையைக் கவனித்தேன். செடித்தொட்டி நின்ற இடத்தில் வட்டம் விழும். மஸ்கட்டில் எங்கள் தொழிலாளர் கேம்ப் காவலாளி, நேபாளத்துக்காரர், பெயின்ட் வாளியில் ஒரு தக்காளி வைத்திருந்தார். ஆறு மாதம் கழித்து வாளியை நகர்த்தினால் சிமென்டில் பழுப்பாக ஒரு வட்டம். ஆசிட் ஊற்றித் தேய்த்தும் அது போகவில்லை, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினார். இங்கே ஒரு வட்டம்கூட இல்லை. நான்கு மூலைக்கும் போய்க் குனிந்து பார்த்தேன். கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒவ்வொரு அடியாக நகர்ந்து பார்த்தேன். வெயிலில் தரை உள்ளங்காலைச் சுட்டது, சுடட்டும் என்று பார்த்தேன். எடுத்து வைத்திருந்தால் கறை இருக்கும். கறை இல்லை. எடுக்கவில்லை, வைக்கவே இல்லை. அப்படியானால் மூன்று வருடமாக என் போனுக்கு வந்த படங்களில் பூத்ததெல்லாம் எங்கே பூத்தது?

போனை எடுத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். சிவப்பு இட்லிப் பூ, முதல் வருடம். அடுக்கு நந்தியாவட்டை. மஞ்சள் செம்பருத்தி, அதன் நடுவில் ஒரு கட்டெறும்பு. ஒட்டு எலுமிச்சையில் முதல் பிஞ்சு, பக்கத்தில் அளவு தெரிவதற்காக ஒரு தீப்பெட்டி. எல்லாம் பக்கத்தில் வைத்து எடுத்த படங்கள். பூ தெரியும், இலை தெரியும், சுற்றிலும் ஒன்றும் தெரியாது. ஒன்றே ஒன்றில் பின்னால் ஒரு டேங்க் தெரியும். நீல டேங்க். அன்றைக்கே கேட்டேன். "நம்ம டேங்க் கறுப்புல்ல செல்வி?" "மாத்தியாச்சு, அது வெடிச்சுப்போச்சு." மாற்றியாச்சு. இதோ எனக்கு முன்னால் கறுப்பாக நிற்கிறது, நான் சம்பாதித்த பணத்தில் நானே கயிறு கட்டி மேலே ஏற்றியது, பக்கவாட்டில் அன்றைக்கு உரசிய கீறல்கூட இருக்கிறது. இன்னொரு படம். அதை இப்போது திறக்க வேண்டாம் என்று நினைக்கும்போதே விரல் திறந்துவிட்டது. ரோஜா மொட்டை ஒரு கை தாங்கிப் பிடித்திருக்கிறது. கட்டைவிரல் மட்டும் முழுதாகத் தெரியும். தடித்த, அகலமான, ஆண்பிள்ளைக் கட்டைவிரல். நக இடுக்கில் வெள்ளையாக ஏதோ. மஸ்கட்டில் அந்த விரலைப் பெரிதாக்கி எத்தனை முறை பார்த்திருப்பேன். மேல் கட்டிலில் படுத்திருந்த திண்டுக்கல்காரன், "அண்ணே, என்ன படம் இவ்வளவு நேரமாப் பாக்குறீங்க, நமக்கும் காட்டுங்க," என்றான். ரோஜா என்றேன். செல்வியிடம் கேட்டதற்கு, "என் கைதான், மாவு பிசைஞ்சிட்டிருந்தேன்," என்றாள். என் கைதான். பதினொரு வருடமாக அந்தக் கை எனக்குத் தெரியாதா? தெரிந்தும் சரி என்றேன். ஏன் சரி என்றேன்? இரண்டாயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சரி இல்லை என்று சொன்னால், அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. அதனால் அடுத்த நாள் இன்னொரு செடி வாங்கினேன்.

கீழே பைக் சத்தம் கேட்டது. நின்றது. எட்டிப் பார்த்தேன். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, பின் இருக்கையில் பெரிய பை. கொரியர்க்காரர். நீளமான அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தார், இந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போட்டது, பக்கத்தில் காற்றுத் துளைகள். எனக்குத் தெரிந்துவிட்டது. மனோரஞ்சிதம். போன வாரம் நான் வாங்கியது. எந்தப் பழத்தை நினைத்து மோந்து பார்த்தாலும் அந்தப் பழத்தின் வாசனை வரும் என்று யாரோ சொன்னார்களாம், கோமு கேட்டிருந்தாள். பெங்களூரில் கிளம்பியது, சேலம் வந்தது, மதுரை வந்தது என்று வழியெல்லாம் போனில் பார்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு பேரும் ஒரே நாளில் வந்து சேர்ந்திருக்கிறோம். கொரியர்க்காரர் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு முதுகைக் காட்டி எதிர்வீட்டு கேட்டைத் தட்டினார். "அண்ணே, அது இந்த வீட்டுக்கு!" என்று மேலிருந்து கத்தினேன். அண்ணாந்து பார்த்தார். "எந்த வீட்டுக்கு?" "இந்த வீடு, பதினாலாம் நம்பர். பேர் போட்டிருக்கும் பாருங்க, சுயம்புலிங்கம்." "போட்டிருக்கு. ஆனா செடின்னா பதினாலுல குடுக்கறதில்லையே." நான் இறங்கி ஓடினேன். தெரு பதினைந்தடி அகலம். அவர் பெட்டியைத் தரவில்லை, இடுப்பிலேயே வைத்துக்கொண்டார். "பதினாலுல பகல்ல யாரு இருக்கா? பூட்டுத்தான் கெடக்கும். செடி வந்தா எதிர்ல குடுத்துருங்கன்னு அந்தம்மாவே சொல்லிட்டாக, மூணு வருசமாகுது. ஆமா, நீங்க யாரு?" "நான்தான் சுயம்புலிங்கம்." "அட, செடி மாப்பிள்ளை!" என்று சிரித்தார். "எங்க ஆபீஸ்ல ஒங்களுக்கு அதுதான் பேரு. நான் ரிட்டயர் ஆன வாத்தியாரா இருக்கும்னு நெனச்சேன். வேலை வெட்டி இல்லாதவுகதான இப்பிடி வாங்குவாக." நானும் சிரித்தேன். சிரிப்பு எப்படி வந்தது என்று தெரியவில்லை. "குடுங்கண்ணே." "ஓடிபி சொல்லுங்க." ஓடிபி செல்வியின் எண்ணுக்குப் போயிருக்கும். "அது எதிர்வீட்டு அம்மாகிட்ட வந்துரும் சார், ஒங்க வீட்டம்மா இவுகளுக்கு அனுப்பிருவாக, அப்பிடித்தான் வழக்கம்." என் வாசலுக்கு எதிரே நின்று, நான் வாங்கிய செடிக்காக, எதிர்வீட்டுக் கதவு திறப்பதற்கு நான் காத்திருந்தேன்.

கதவைத் திறந்தது ரோஸ்லின். மாவு மில் ஜெபமணியின் மனைவி. இந்தத் தெருவில் நாங்கள் வீடு கட்டி வந்த வருடம் கிரகப்பிரவேசத்துக்கு வந்து பால் பாத்திரம் வைத்துக்கொடுத்தவர்கள். பிள்ளைகள் இல்லை. மில் நாலு கடை தள்ளி மெயின் ரோட்டில் இருக்கிறது, மிளகாய் அரைக்கும் நாளில் எங்கள் வீட்டில் தும்மல் வரும். ரோஸ்லின் போனைப் பார்த்து ஆறு இலக்கத்தையும் படித்துக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்ததும் நான்காவதோடு நிறுத்திவிட்டார். "யாரு, கோமு அப்பாவா? எப்ப வந்தீக? செல்வி ஒண்ணுஞ் சொல்லலையே!" "சொல்லலை. சும்மா, திடீர்னு." "போட்டோவுல நல்லா சதை போட்டிருந்தீகளே, நேர்ல என்ன இப்பிடி ஒட்டிப்போய் நிக்கீக? சாப்பிட்டீகளா?" கொரியர்க்காரர், "மீதி ரெண்டு நம்பரைச் சொல்லுங்கம்மா, எனக்கு இன்னும் பதினெட்டு வீடு இருக்கு," என்றார். சொன்னார். பெட்டி அனிச்சையாக ரோஸ்லின் கைக்குப் போனது, அவர் அனிச்சையாக வாங்கினார், அப்புறம்தான் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டி என் கைக்கு வந்தது. "மேல வந்து பாக்கீகளா? எலுமிச்சை இப்ப ரெண்டாங்காய்ப்பு. எல்லாம் கோமுதான், நாங்க ஒண்ணும் பண்றதில்ல. தண்ணி மட்டும் எங்க போர்ல இருந்து." "கோமு வரட்டும்," என்றேன். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, "ஒங்க மாடி வெட்டவெளி பாருங்க, வெயில் தாங்கல. மொத மூணும் ஒரே வாரத்துல கருகிப்போச்சு. செல்வி அப்பிடி அழுதா. அப்புறம் எங்க வீட்டுக்காரருதான் சாத்தூர் போயி அதே மாதிரி மூணு வாங்கிட்டு வந்து இங்க வச்சாரு. பெறகு வந்ததெல்லாம் இங்கயே எறக்கியாச்சு. ஒங்களுக்குத்தான் தெரியுமே," என்றார். "தெரியும்," என்றேன். "செல்விக்குப் போன் போட்டுச் சொல்லட்டா?" "வேண்டாம், சாயங்காலம் நானே சொல்லிக்கிறேன்." உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, தெரியும் என்று எதற்குச் சொன்னேன் என்று நின்றேன். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. என் வீட்டு விஷயம் எனக்குத் தெரியாது என்று இன்னொரு வீட்டு வாசலில் நின்று எப்படிச் சொல்வது?

அந்தச் சிவப்பு இட்லிப் பூ என்னுடையதில்லை. நினைப்பு எங்கோ சுற்றி இங்கேதான் வந்து முட்டுகிறது. நான் அனுப்பியது ஒரு வாரத்தில் செத்துவிட்டது, சாத்தூரில் ஜெபமணி வாங்கியது பூத்தது, அதன் படத்தைத்தான் நான் கேம்ப் முழுக்கக் காட்டினேன். சாப்பாட்டு ஹாலில் மேஜை மேஜையாகப் போய்க் காட்டினேன். வங்காளத்துப் பையன் ஒருவன் அதை அவன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டான். வெப்பம் நாற்பத்தெட்டு டிகிரியில் ஏசியின் பெரிய தகரக் குழாய்க்குள் ஊர்ந்துபோய்த் திருகாணி முடுக்கும்போது, கண் எரியும்போது, இந்நேரம் நம் மாடியில் நந்தியாவட்டைக்கு நிழல் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். எந்தச் செடிக்குப் பக்கத்தில் எந்தச் செடி என்று மனதுக்குள் ஒரு வரிசை வைத்திருந்தேன். படியிலிருந்து வெளியே வந்தால் வலதுகைப் பக்கம் ரோஜா நான்கு, டேங்குக்குக் கீழே நிழலில் மணி பிளான்ட், தெற்குச் சுவரில் எலுமிச்சை. அந்த மாடியில் நான் தினமும் நடந்திருக்கிறேன். இல்லாத ஒரு மாடியில் மூன்று வருடம் நடந்திருக்கிறேன். செல்வியோடு சண்டை போட்ட நாளில்கூடப் போய் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்குத் தெரியும், நான் உட்கார்ந்திருக்கும் இடம் இல்லவே இல்லை என்று. தெரிந்தும் போனில், "ம், இன்னைக்கு நாலு பூத்திருக்கு," என்பாள். எனக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியாதா? நானும் படம் அனுப்பினேன். சூப்பர்வைசர் லீவில் போன மாதம் அவர் அறையில் உட்கார்ந்து, அவருடைய சோபாவில், அவருடைய டிவிக்கு முன்னால் எடுத்தது. இப்போது இதுதான் என் ரூம் என்று எழுதினேன். அது வேறு. அவர்கள் கவலைப்படக்கூடாது என்று செய்தது அது. ரோஸ்லின் சொன்ன சதை போட்ட போட்டோ அதுதான். அது வேறு.

பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தேன். கத்தரி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, என் வீட்டில் எந்த இழுப்பறையில் கத்தரி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, சாவியின் பல்லால் டேப்பைக் கிழித்தேன். இதற்கு முன் இருபத்தேழு செடி வாங்கியிருக்கிறேன், ஒரு பெட்டியைக்கூடப் பிரித்ததில்லை. உள்ளே காகிதச் சுருள்கள், அவற்றுக்குக் கீழே கறுப்புப் பையில் மண், ஒரு மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டிய செடி. படத்தில் ஆளுயரம் இருந்தது. இங்கே என் முழங்கை அளவு. இலை ஏழு, ஒன்று பாதி ஒடிந்தது. ஒரு சிறிய சீட்டு விழுந்தது, பொடி எழுத்து, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தொட்டி இல்லை. படிக்கு அடியில் ஒரு பழைய பெயின்ட் வாளி கிடந்தது, அதற்குள் பையோடு நிறுத்தினேன். மாடிக்குக் கொண்டுபோனேன். எங்கே வைப்பது? இந்த ஒன்றாவது இந்த மாடியில் நிற்க வேண்டும். ஒன்றே ஒன்று போதும். கோமு வந்து பார்க்கும்போது நம் வீட்டில், நம் மாடியில், அப்பா கையால் வைத்த ஒரு செடி இருக்க வேண்டும். அவள் அதற்குத் தண்ணீர் ஊற்ற இங்கே ஏறி வருவாள், நாளைக்கும் வருவாள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம், செல்வியிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், விரலைப் பற்றிக்கூடக் கேட்க மாட்டேன். தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி நடு மாடியில் வைத்தேன். நல்ல வெயில், நன்றாக வளரும். நான்கு நாள் தாகமாக இருக்கும் என்று இரண்டு மக்கு தண்ணீர் ஊற்றினேன்.

எதிர்மாடியில் நான்கு பக்கமும் பச்சை வலை கட்டியிருந்தது. பகல் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தும், கட்டட வேலை நடக்கிறது என்றே நினைத்திருந்தேன். இப்போது வலைக்குப் பின்னால் அசையும் நிழல்களைப் பார்த்தேன். ஒரு இடத்தில் வலை கிழிந்து மஞ்சளாக ஒரு செம்பருத்தி வெளியே தலையை நீட்டியிருந்தது. அவனை எனக்குத் தெரியும். இருநூறு படம் பார்த்து அவனைத் தேர்ந்தெடுத்தேன். வலையின் மூலையில் நீல டேங்க். காற்று அடிக்கும்போது வலை விலகும், மூடும். விலகும்போது ஐஸ் குச்சிகள் தெரிந்தன, ஒவ்வொரு தொட்டியிலும் ஒன்று, கோமுவின் எழுத்து. என்ன எழுதியிருக்கிறாள் என்று இங்கிருந்து படிக்க முடியவில்லை. கண்ணைச் சுருக்கினேன். சின்ன மர ஸ்டூல் ஒன்று, அவள் உயரத்துக்கு. சின்ன பூவாளி, சிவப்பு. அதை யார் வாங்கித் தந்தது? நான் வாங்கித் தரவில்லை. செடி வாங்கினேன், பூவாளி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. செடிக் கடையில் அந்தப் பக்கத்தை ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. கோமு பிறந்தபோது நான் ஒரு மாதம் இருந்தேன். அவள் நடந்ததைப் போனில் பார்த்தேன். பல் விழுந்ததைப் போனில் பார்த்தேன். எல்லாம் படமாக வந்தது, பூ வந்த மாதிரியே, பக்கத்தில் வைத்து எடுத்து, சுற்றிலும் ஒன்றும் தெரியாமல். அந்தப் படங்களிலும் ஓரத்தில் யாருடைய விரலாவது இருந்திருக்குமா? போனை எடுத்தேன். வேண்டாம் என்று பையில் போட்டேன். மறுபடி எடுத்தேன்.

வேன் ஹாரன். நாலு பதினெட்டு. நான் படியில் இரண்டிரண்டாக இறங்கி வாசலுக்கு வருவதற்குள் எதிர்வீட்டு கேட்டில் ஜெபமணி வந்து நின்றுவிட்டார். மில்லிலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும், தலைமயிர், புருவம் எல்லாம் கோதுமை மாவு. வேன் எங்கள் வாசலைத் தாண்டிப் போய் அவர் வாசலில் நின்றது. டிரைவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோமு இறங்கினாள், போனில் பார்த்து நான் நினைத்து வைத்திருந்ததைவிட உயரமாக. புத்தகப் பையைக் கழற்றிப் பார்க்காமலேயே பக்கவாட்டில் நீட்டினாள், ஜெபமணி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பையின் வாரைப் பிடித்திருந்த கட்டைவிரலைப் பார்த்தேன். தடித்து, அகலமாக, நக இடுக்கில் வெள்ளையாக. "பெரியப்பா, செடி வந்துட்டா? இன்னைக்கு வரணும்." "வந்துருச்சுட்டி. ஆனா அதைவிடப் பெரிய பார்சல் ஒண்ணு வந்துருக்கு, திரும்பிப் பாரு," என்றார் ஜெபமணி. திரும்பினாள். "அப்பா?" என்றாள், போனில் லைன் சரியில்லாதபோது கேட்கிற மாதிரி. ஓடி வரவில்லை. முதலில் ஜெபமணியின் முகத்தைப் பார்த்தாள். அவர், "போ," என்று தலையசைத்த பிறகு தெருவைத் தாண்டி வந்தாள். தூக்கினேன், தூக்க முடியவில்லை, இடுப்பைக் கட்டிக்கொண்டாள். தலையில் மாவு வாசனை.

"அண்ணாச்சி, வாங்க வாங்க," என்று ஜெபமணியும் பின்னாலேயே வந்தார், கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே. "செடியெல்லாம் ஒங்க செடி. சொல்லுங்க, நாளைக்கே மில்லு ஆளை விட்டு ஒங்க மாடிக்கு ஏத்திப்புடலாம். எப்ப லீவு முடியுது?" "லீவு இல்ல. வேலை முடிஞ்சு வந்துட்டேன். இனிமே இங்கதான்." அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. "நல்லது அண்ணாச்சி. பிள்ளைக்கு நல்லது," என்றார். அதை உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டுவதற்கு வசதியாக ஒரு ஆள் இருந்திருக்கலாம். நான் கோமுவின் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். செடியைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு ஓடினாள். ஏழு இலையும் தொங்கியிருந்தது. "எவ்வளவு நேரமா வெயில்ல இருக்கு?" "ஒண்ணரை மணி நேரம் இருக்கும்." "எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?" "ரெண்டு மக்கு." "வாளில ஓட்டை இருக்கா?" வாளியில் ஓட்டை இல்லை. பையைத் தூக்கினாள், அடியில் சேறாக ஒழுகியது. "புதுசா வந்தது ஒரு வாரம் நெழல்ல வைக்கணும்ப்பா. அந்தச் சீட்டுல போட்டிருக்குமே, நீங்க படிக்கலையா? நம்ம மொத மூணும் இப்பிடித்தான் செத்துச்சு." டேங்க் நிழலுக்கு இழுத்துக்கொண்டுபோய் வைத்து, கைவிரலால் மண்ணை ஒதுக்கி, தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினாள். மருத்துவமனையில் நர்ஸ் பேசாமல் வேலை செய்கிற மாதிரி செய்தாள்.

"கோமு, எனக்கு வந்த போட்டோ எல்லாம் நம்ம மாடி இல்லைல்ல?" அவள் மண்ணைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தாள். "அம்மாதான் அப்பிடிச் சொல்லச் சொன்னாங்களா?" இல்லை என்று தலையசைத்தாள். "பயப்படாமச் சொல்லு. அப்பா கோபப்பட மாட்டேன்." "நான்தான்," என்றாள். "மூணும் செத்த அன்னைக்கு நீங்க போன் பண்ணீங்க. அம்மா அழுதுட்டு இருந்தாங்க, நான்தான் எடுத்தேன். பூ விட்டுச்சான்னு கேட்டீங்க. ஆமான்னேன். நீங்க சிரிச்சீங்க. கடைசியா அங்க போனதுல இருந்து அன்னைக்குத்தான் சிரிச்சீங்க. அப்புறம் அம்மாகிட்ட நான்தான் சொல்லாதீங்கன்னு சொன்னேன்." அவளுக்கு அப்போது ஆறு வயது. முதல் வகுப்பு. அம்புக்குறியும் ஓட்டைகளும் உள்ள பெட்டிக்குள் மூன்று வருடம் என்னைப் பத்திரமாகக் கட்டி வைத்திருந்தது இந்தக் கை, ஈர மண் ஒட்டிய இந்தச் சின்னக் கை. செல்வியின் மேல் வைத்திருந்த கோபம் போக இடமில்லாமல் நின்றது. ஜெபமணியின் மேல் வைத்திருந்தது நின்றது. இவள் மேல் வைக்க முடியவில்லை, என் மேல் வைத்தேன், அங்கேயும் நிற்கவில்லை.

நான் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். இனிமேல் அப்பா போக மாட்டேன் என்றேன். நாளைக் காலையில் கடைவீதிக்குப் போய்ப் பச்சை வலை வாங்கி வந்து இந்த மாடியில் கட்டுவேன் என்றேன். தண்ணீர் கீழே குழாயடியிலிருந்து நானே குடத்தில் தூக்கி வருவேன் என்றேன். இன்றைக்கு ஒரு நாள் இதைக் கூடத்தில் ஜன்னல் பக்கம் வைக்கலாம், அங்கே வெயில் வராது, நாம் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மற்றதெல்லாம் அங்கேயே இருக்கட்டும், இந்த ஒன்றை மட்டும் நம் வீட்டில் வைப்போமா என்று கேட்டேன். கெஞ்சுகிற மாதிரி இருக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "இல்ல, அங்க வைக்கணும்னாலும் சரி. நீயே சொல்லு. நீ சொல்றதுதான்." கோமு ஒடிந்த இலையைக் கிள்ளி எடுத்தாள். எங்கள் மாடியைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எதிர்மாடியில் வலையை விலக்கிக்கொண்டு ஜெபமணியும் ரோஸ்லினும் நின்றிருந்தார்கள், எங்களைப் பார்க்காதது மாதிரி எதையோ சரி செய்துகொண்டிருந்தார்கள். அவள் எழுந்து செடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். படி இறங்கினாள், தெருவைத் தாண்டினாள். மனோரஞ்சிதத்தை எதிர்வீட்டு மாடியில் எலுமிச்சைக்குப் பக்கத்தில் வைத்தாள்.